வெண்ணிலாவா, வெனிலாவா: லேபிளில் எதைப் போடுவது?

கேள்வி: அக்கா, நான் கோபிசெட்டிபாளையத்தில் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிறேன். மூன்று வருடமாகிறது. இப்போதுதான் முதன்முதலாக டப்பாவுக்கு லேபிள் அச்சடிக்கப் போகிறேன். 'முட்டையில்லா வெண்ணிலா கேக்' என்று எழுதி அச்சகத்தில் கொடுத்திருந்தேன். தமிழ் டீச்சராக இருக்கும் என் நாத்தனார் பார்த்துவிட்டு, "வெண்ணிலான்னா நிலா, இது தப்பு" என்கிறார். அச்சகத்திலோ இங்கிலீஷில் இரண்டு எல் இருப்பதால் 'வெனில்லா' என்றுதான் போட வேண்டும் என்கிறார்கள். ஒரு யூடியூப் சேனலில் 'வேனிலா' என்று போட்டிருந்தார்கள். இதற்கு நடுவில் எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி வந்தது, அந்தப் பெயருக்கே அசிங்கமான அர்த்தம் என்று. மாமியார் அதைப் படித்ததிலிருந்து அந்தப் பெயரே வேண்டாம் என்கிறார். எதை அச்சடிக்கட்டும்? அந்தச் செய்தி உண்மையா?

பதில்: முதலில் அச்சகத்துக்கு போன் போட்டு 'வெனிலா' என்று மாற்றச் சொல்லிவிடுங்கள் அம்மணி. உங்கள் நாத்தனார் சொல்வது சரி. வாட்ஸாப்பில் வந்தது பாதி உண்மை. அந்தப் பாதியையும் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பிறகு பார்ப்போம், எழுத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.

முப்பது வருடமாகக் கோவையில் பேக்கரித் தொழிலில் இருக்கிறேன். அதில் பாதிக் காலம் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதுதான் என் வேலை. வகுப்புக்கு வருகிறவர்களிடம் முதல் நாள் ஒரு தாளைக் கொடுத்து, தேவையான சாமான்களை எழுதச் சொல்வேன். மைதா, சர்க்கரை, வெண்ணெய், பேக்கிங் பவுடர் எல்லாம் பிசகாமல் வந்துவிடும். இந்த ஒரு பெயர் மட்டும் ஆளுக்கு ஒரு விதமாக வரும். வெண்ணிலா, வெண்ணில்லா, வேனிலா, வெனில்லா, வனிலா. ஒரே தாளில் மேலே ஒரு மாதிரியும் கீழே வேறு மாதிரியும் எழுதியவர்கள் உண்டு. படிப்புக் குறைவு இதற்குக் காரணமில்லை. நம்மில் பெரும்பாலானவர்கள் அந்தப் பொருளைக் கண்ணால் பார்த்ததே இல்லை. ரங்கே கவுடர் வீதியில் வாங்கும் சின்ன பாட்டிலில் பழுப்பாகவோ நிறமில்லாமலோ ஒரு தண்ணீர் இருக்கும். அதன் பெயரைக் காதால் கேட்டோம், காது சொன்னபடி எழுதினோம்.

நம் காதுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு நல்ல சொல் இருந்தது. வெண்மையும் நிலாவும் சேர்ந்தால் வெண்ணிலா. நம் பக்கம் பெண்பிள்ளைக்கு ஆசையாக வைக்கிற பெயர் அது. ஐஸ்கிரீம் வெள்ளையாக இருந்தது, கிண்ணத்தில் உருண்டையாக வைத்துக் கொடுத்தார்கள், பெயரும் கிட்டத்தட்ட அப்படியே ஒலித்தது. பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்? சில வருடங்களுக்கு நானும் என் கடைப் பலகையில் வெண்ணிலா என்றுதான் எழுதி வைத்திருந்தேன்.

வெளியிலிருந்து வந்த சொல் நம் வாய்க்கு ஏற்றபடி மாறுவதில் எனக்கு வருத்தமே கிடையாது. சாவி, ஜன்னல், அலமாரி, மேசை எல்லாம் போர்த்துகீசியர்களோடு வந்தவை. தமிழ் நாக்கில் உருண்டு உருண்டு இன்றைக்கு நம் வீட்டுச் சொல்லாகிவிட்டன. ஆனால் சாவி என்று சொல்லும்போது வேறொரு பொருள் வந்து குறுக்கே நிற்பதில்லை. வெண்ணிலாவில் நிற்கிறது. 'வெண்' என்ற அசை வந்தவுடன் இது வெள்ளைப் பொருள் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. அதனால்தான் வெனிலா கேக் கேட்டு வருகிறவர்கள், "வெள்ளையா இருக்கணுமுங்க" என்று சேர்த்துச் சொல்கிறார்கள். அசல் பொருள் என்ன நிறம் தெரியுமா? கருப்பு.

நான் அதை முதலில் பார்த்தது 2003-இல், பொள்ளாச்சியைத் தாண்டி ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில். அப்போது வெனிலாவுக்கு வந்த விலை உங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். உலகத்துக்கே அதிகமாக வெனிலா கொடுக்கும் மடகாஸ்கரில் 2000-ஆம் ஆண்டு ஹூடா என்ற புயல் அடித்துக் கொடிகளை நாசமாக்கியது. இங்கே பச்சைக் காயே கிலோ ஆயிரக்கணக்கில் போனது. தோப்புக்குத் தோப்பு கொடி ஏற்றினார்கள், ராத்திரி காவல் போட்டார்கள். அடுத்த ஓரிரு வருடத்தில் விலை விழுந்தது, பலர் கொடியைப் பிடுங்கிவிட்டார்கள். நான் போனது விலை ஏறியிருந்த நாளில்.

காலை ஏழு மணி இருக்கும். தென்னைக்கு நடுவே ஊன்றிய கிளைரிசிடியா மரத்தில் பச்சைப் பசேலென்று கொடி சுற்றியிருந்தது. அது ஆர்க்கிட் இனம். பூ மஞ்சள் கலந்த வெளிர் பச்சை. தோட்டக்கார அம்மா கையில் ஓர் ஈர்க்குச்சி. ஒரு பூவை இடது கையில் பிடித்து, இதழை லேசாகக் கிழித்து, உள்ளே மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் நடுவில் மூடி மாதிரி இருக்கும் ஒரு சின்னத் தோலை ஈர்க்கால் தூக்கி, பெருவிரலால் ஒரு அமுக்கு. அவ்வளவுதான், அடுத்த பூவுக்குப் போய்விட்டார். அந்தப் பூ ஒரு நாள்கூட முழுசாக நிற்காது. காலையில் விரிந்து வெயில் ஏறினால் வாடிவிடும். மதியத்துக்குள் கை படவில்லை என்றால் காய் கிடையாது.

அந்த அம்மா செய்ததைக் கண்டுபிடித்தது ஒரு பன்னிரண்டு வயதுப் பையன். 1841-இல், இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவில், எட்மண்ட் என்ற அடிமைச் சிறுவன். மெக்சிகோவிலிருந்து கொண்டுபோன கொடி அந்தத் தீவில் நன்றாகப் படர்ந்தும் காய்க்கவில்லை. கொடியின் சொந்த ஊரில் பூவைத் தேடி வரும் பூச்சி அங்கே கிடையாது. அதற்கு ஐந்து வருடம் முன்பு பெல்ஜியத்தில் சார்ல்ஸ் மோரன் என்ற தாவரவியலாளர் கையால் மகரந்தம் சேர்த்துக் காய்க்க வைத்துக் காட்டியிருந்தார். ஆனால் தோட்டத்தில் ஓர் ஆள் மளமளவென்று செய்துகொண்டு போகும்படி வழி கண்டவன் இந்தப் பையன். 1848-இல் விடுதலை கிடைத்தபோது ஆல்பியஸ் என்று குடும்பப் பெயர் கொடுத்தார்கள். அவன் கண்ட வழியால் அந்தத் தீவும் பிறகு மடகாஸ்கரும் பணம் பார்த்தன; அவன் 1880-இல் ஏழையாகவே செத்தான். வகுப்பில் ஒவ்வொரு முறையும் அவன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வெனிலாப் பாடத்தை ஆரம்பிப்பேன்.

சரி, காய்க்கு வருவோம். கொடியிலிருந்து பறிக்கும்போது அது பச்சை. ஒல்லியான கொத்தவரங்காயைக் கொஞ்சம் நீட்டிவிட்ட மாதிரி இருக்கும். முகர்ந்தால் வாசனை எதுவும் இராது. பூ காயாகி முற்ற எட்டு ஒன்பது மாதம். பறித்த பிறகு கொதிக்காத சுடுதண்ணீரில் சில நிமிடம் முக்கி, கம்பளியில் சுற்றி வேர்க்கவைத்து, பகலில் வெயிலில் காட்டி, பிறகு நிழலில் உலர்த்திப் பெட்டியில் அடைத்து மாதக்கணக்கில் பக்குவப்படுத்த வேண்டும். ஏறத்தாழ ஆறு கிலோ பச்சைக் காய் ஒரு கிலோவாகச் சுண்டும். அப்போதுதான் அந்த மணம் வரும். தோட்டக்காரர் ஒரு தகர டப்பாவைத் திறந்து ஒரு காயை என் கையில் வைத்தார். கருகருவென்று, எண்ணெய்ப் பசையோடு, தோல் வாரைப்போல வளைந்தது. விரலில் சுற்றினால் ஒடியவில்லை. கத்தி முனையால் நீளவாக்கில் கீறிக் காட்டினார். உள்ளே கசகசாவைவிடச் சின்னதாக ஆயிரக்கணக்கில் கருப்பு விதைகள், பசை மாதிரி. உங்கள் பக்கம் கவுந்தப்பாடியில் கரும்புப் பாகு இறக்குகிற நேரத்தில் ஆலைக் கொட்டகைக்குள் நுழைந்தால் ஒரு வாசனை மூக்கை நிறைக்குமே, அதில் கொஞ்சம், பேரீச்சை கொஞ்சம், மர வாசனை கொஞ்சம். பாட்டில் எசன்ஸில் நான் அதுவரை முகராத மணம்.

வீடு திரும்பியதும் பலகையை மாற்றினேன். கருப்பாக ஒரு காயைக் கையில் வைத்துப் பார்த்தவள் அதற்கு வெண்ணிலா என்று எழுத முடியாது.

இனி அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். மெக்சிகோவில் அந்தக் காயை முதலில் பயிராக வளர்த்தவர்கள் டோட்டோநாக் மக்கள் என்று சொல்வார்கள். பிறகு வந்த ஆஸ்டெக்குகள் கோகோ பானத்தில் அதைப் போட்டுக் குடித்தார்கள். அவர்கள் மொழியில் அதன் பெயர் 'த்லில்ஷோசித்ல்', அதாவது கரும்பூ. நாம் வெண்ணிலா என்கிறோம், விளைந்த ஊர்க்காரர்கள் கரும்பூ என்றார்கள். ஸ்பானியர்கள் வந்தபோது அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளவில்லை. காயைப் பார்த்தார்கள், பார்த்த வடிவத்துக்குத் தங்கள் மொழியில் பெயர் வைத்தார்கள். ஸ்பானிய மொழியில் 'வய்னா' என்றால் உறை. வாளைச் சொருகும் உறைக்கும் அதுதான் சொல், பயறு விளைகிற நெற்றுக்கும் அதுதான் சொல். அதோடு சின்னது என்று காட்டும் விகுதியைச் சேர்த்து 'வய்னில்யா' ஆக்கினார்கள். நம் பேச்சில் சொன்னால் 'சின்ன நெத்து'. அவரை நெத்து, துவரை நெத்து, முருங்கை நெத்து என்று நாம் சொல்கிற அதே நெத்துதான். மளிகைச் சாமானுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு பெயர் கிடைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. உறையைக் கீறி உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுக்கிறோம். எதைக் கையில் எடுத்து என்ன செய்கிறோம் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

அங்கிருந்து பிரெஞ்சுக்குப் போய் 'வனீய்' ஆனது, போர்த்துகீசில் 'பவுனில்யா', இங்கிலீஷில் நாம் கேட்கிற ஒலி. நமக்கு இங்கிலீஷ் வழியாக வந்தது. சாவியையும் ஜன்னலையும் கொடுத்த போர்த்துகீசியர் இதையும் கொடுத்திருந்தால், இன்றைக்குப் 'பவுனிலா கேக்' என்று எழுதிக்கொண்டிருப்போம். நிலாக் குழப்பம் அப்போதும் வந்திருக்குமோ என்னவோ!

அச்சகத்தார் சொல்லும் இரண்டு எல்லுக்கும் விடை இதில் இருக்கிறது. அந்த இரட்டை எழுத்து ஸ்பானிய எழுத்து முறையிலிருந்து வந்தது. அங்கே இரண்டு எல் சேர்ந்தால் நம் 'ல்ல' ஒலி வராது, 'ய' பக்கம் போகும் ஓர் ஒலி வரும். டார்ட்டியா என்ற மெக்சிகோ ரொட்டியின் பெயரிலும் அதே இரண்டு எல்தான் இருக்கிறது. 'டார்ட்டா' என்ற கேக்கின் பெயரோடு அதே சின்ன விகுதி சேர்ந்தது அது. இங்கிலீஷ்காரர்கள் எழுத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு ஒற்றை ல-வாகத்தான் உச்சரிக்கிறார்கள். தமிழில் நாம் ஒலியை எழுதுகிறோம், ஸ்பெல்லிங்கை எழுதுவதில்லை. அதனால் ஒரு ல போதும். இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் லேபிளில் 'முட்டையில்லா' என்று முன்னால் வருகிறது. அடுத்த சொல்லையும் 'வெனில்லா' என்று போட்டால் இரண்டு 'இல்லா' வந்துவிடும். முட்டையும் இல்லை, வெனியும் இல்லை என்பதுபோல ஒலிக்கும். வேகமாகப் படிப்பவர் ஒரு நொடி தடுமாறுவார்.

'வேனிலா' என்பதில் வேனில், அதாவது கோடை, வந்து நிற்கிறது. அதுவும் வேண்டாம். 'வனிலா' என்று எழுதுகிறவர்களைத் திருத்த மாட்டேன். இங்கிலீஷ் ஒலிக்கு அதுவும் நெருக்கம்தான், வேறு பொருளும் குறுக்கிடவில்லை. நம் பக்கம் வாயில் 'வெ' என்றுதான் வருகிறது, படிப்பவருக்கும் அதுதான் பழக்கம் என்பதால் நான் வெனிலாவைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது அந்த வாட்ஸாப் செய்தி. ஸ்பானிய 'வய்னா' லத்தீனிலிருந்து வந்த சொல். லத்தீனில் அதன் மூலச் சொல்லுக்குப் பொருள் வாளுறை. பல நூற்றாண்டு கழித்து ஐரோப்பிய மருத்துவர்கள் பெண்ணுடலின் ஓர் உறுப்புக்குப் பெயர் தேடியபோது, அதே லத்தீன் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். செய்தியை அனுப்பியவர் இந்த இரண்டாவது பொருளை மட்டும் வைத்துக்கொண்டு, வெனிலா அதிலிருந்து வந்தது என்று சொல்லிவிட்டார். உறை என்ற ஒரே சொல்லிலிருந்து ஒரு கிளை வாய்க்காலாகப் பிரிந்தது காயின் பெயர், இன்னொரு வாய்க்கால் மருத்துவச் சொல். ஒன்று மற்றதிலிருந்து வரவில்லை. மக்காச்சோளத் தட்டில் இலையின் அடிப்பகுதி தண்டைச் சுற்றிக் கவ்விக்கொண்டிருக்குமே, அந்த இலையுறைக்கும் தாவரவியலில் இதே லத்தீன் சொல்தான். அதற்காக யாரும் சோளத்தட்டை அசிங்கம் என்று ஒதுக்கவில்லை. தவிர, உடம்பின் ஓர் உறுப்புக்குப் பெயர் இருப்பதில் அசிங்கம் என்ன இருக்கிறது? நம்மைப் பெற்ற உடம்புதானே அது. உங்கள் மாமியாரிடம், "அத்தை, அதுக்கு அர்த்தம் சின்ன நெத்துங்க" என்று சொல்லிப் பாருங்கள். அவர் பயறு உடைத்த கையாக இருந்தால் உடனே புரிந்துகொள்வார்.

லேபிள் என்று வந்த பிறகு எழுத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் போடுவது எசன்ஸா, காயா? 1858-இல் கோப்லே என்ற பிரெஞ்சுக்காரர் வெனிலாக் காயிலிருந்து மணம் தரும் முக்கியப் பொருளைத் தனியாகப் பிரித்தார். அதுதான் வெனிலின். 1874-இல் ஜெர்மனியில் டீமன், ஹார்மன் என்ற இருவர் பைன் மரத்திலிருந்து எடுத்த ஒரு பொருளைக் கொண்டு அதைச் செயற்கையாகவே செய்துவிட்டார்கள். இன்றைக்கு உலகத்தில் விற்கும் வெனிலினில் மிகப் பெரும்பகுதி தொழிற்சாலையில் வருவதுதான். விலை குறைந்த எசன்ஸ் பாட்டிலில் இருப்பது அதுவே. அது கெட்ட பொருள் இல்லை, அளவாகப் போட்டால் கேக் நன்றாகத்தான் இருக்கும். முட்டை வாடையை மறைக்க நம் பேக்கரிகள் அதைத்தான் காலங்காலமாக நம்பியிருக்கின்றன. ஆனால் காயில் வெனிலினோடு இன்னும் எத்தனையோ மணப்பொருள்கள் சேர்ந்திருக்கின்றன, அதன் விலையும் வேறு. எசன்ஸ் போட்டுவிட்டு லேபிளில் வெனிலாக் காய் படம் போடாதீர்கள். உணவுப் பாதுகாப்பு விதிப்படி செயற்கை மணம் சேர்த்தால் அதை லேபிளில் தெரிவிக்க வேண்டும். கட்டாய விவரங்கள் இங்கிலீஷிலோ இந்தியிலோ இருக்க வேண்டும், தமிழைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். நம் வாடிக்கையாளர் படிப்பது தமிழைத்தான் என்பதால் அதையும் கட்டாயம் போடுங்கள்.

எசன்ஸ் என்றால் முகப்பில் 'முட்டையில்லா கேக், வெனிலா சுவை' என்று எழுதுங்கள். சேர்மானப் பட்டியலில் 'வெனிலா எசன்ஸ் (செயற்கை மணமூட்டி)' என்று வரட்டும். காயையே கீறிப் போட்டுச் செய்தால் 'வெனிலாக் காய்' என்று எழுதுங்கள். தயவுசெய்து 'வெனிலா பீன்ஸ்' என்று போடாதீர்கள். இங்கிலீஷில் வழக்கத்தில் அப்படிச் சொல்கிறார்கள், ஆனால் அது பயறு வகையே இல்லை. நம் ஊரில் பீன்ஸ் என்றால் பொரியலுக்கு நறுக்குகிற பச்சைக் காய்தான் நினைவுக்கு வரும். ஒரு வகுப்பில் ஒரு பெண் நிஜமாகவே சந்தைக்குப் போய்ப் பீன்ஸ் வாங்கி வந்துவிட்டாள். பிழை அவளுடையது இல்லை, அவள் படித்த குறிப்பை மொழிபெயர்த்தவருடையது.

ஒருமுறையாவது ஒரு காய் வாங்கிப் பாருங்கள் அம்மணி. ஒரு காய் ஒரு கிலோ கேக்குக்குத் தாராளம். விதையைச் சுரண்டிய தோலை எறிய வேண்டாம், துடைத்து உலர்த்திச் சர்க்கரை டப்பாவில் புதைத்து வையுங்கள். இரண்டு வாரத்தில் சர்க்கரை முழுவதும் மணக்கும். காய் போட்ட கேக்கை வெட்டினால் உள்ளே பொடிப்பொடியாகக் கருப்புப் புள்ளி தெரியும். வாங்கியவர் நிச்சயம் போன் செய்வார், "என்னுங்க, கேக்குல என்னமோ கருப்பா இருக்குது" என்று. எனக்கும் அப்படி வந்தது. அதனால் லேபிளின் ஓரத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். நீங்களும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: 'கருப்புப் புள்ளிகள் வெனிலா விதைகள்.'